வாதமா, தண்ணீரா, வெயிலா?

மூட்டு வலிக்கு நம் ஊர்களில் ஒரே பெயர்தான் உண்டு. முழங்கால் வலித்தாலும் வாதம். இடுப்புப் பிடித்தாலும் வாதம். கழுத்து திரும்ப மறுத்தாலும் வாதம். நமக்கு அண்டை வீட்டாராகிய தெலுங்கரும் அப்படியே சொல்லுகின்றனர். மேல்நாட்டார் சொல்லும் ‘ருமாட்டிசம்’ என்ற சொல்லும் இதைவிடத் தெளிவானதன்று. ஒழுகுதல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. ஏதோ ஒரு கெட்ட நீர் உடலில் ஒழுகி மூட்டுகளில் தங்கி வலியை உண்டாக்குகிறது என்று பண்டைக் கிரேக்கர் எண்ணினர். நம்மவர் காற்றின்மேல் பழி போட்டார்கள். அவர்கள் நீரின்மேல் போட்டார்கள். இந்த இரண்டாவது பழி, நாம் வாழும் இந்தப் பக்கத்துச் சீமையில், ஒருவகையில் உண்மையாகவே போய்விட்டது! அந்தக் கதையைத்தான் மன்றத் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். பெயர் ஒன்றாக இருப்பதால் நோயும் ஒன்றாகிவிடாது. முடக்குவாதம் என்பது, உடலைக் காக்க வேண்டிய காவற்படையே திரும்பி மூட்டின் உள்ளுறையைத் தாக்குவது. கைவிரல்களின் சிறு மூட்டுகள் வீங்கும். காலையில் எழுந்ததும் நெடுநேரம் விறைத்திருக்கும். முதுமையில் வரும் முழங்கால் வலி வேறு. அங்கே எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து போகிறது. சுண்ணாம்புச் சத்து ஏறாமல் எலும்பே மெத்தென்று ஆகிவிடும் நோய் ஒன்று உண்டு. அதற்கு நேர்மாறாக, எலும்பு அளவுக்கு மீறிக் கெட்டியாகும் நோயும் உண்டு. இவை நான்கும் நோயாளியின் வாயில் ‘உடம்பெல்லாம் வலிக்கிறது, ஐயா’ என்ற ஒரே வாக்கியமாகத்தான் வெளிவருகின்றன.

இதைப் பிரித்தறியாவிட்டால் என்ன நேரும்? அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் 1948-இல் ஃபிலிப் ஹெஞ்ச் என்பவர் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் மருந்தைச் செலுத்தினார். எழுந்து நடக்க முடியாதிருந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950-இல் ஹெஞ்சுக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய ரசாயன அறிஞர் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உலகமே வியந்தது. ஆனால் அந்த மருந்தையும் அதன் இனத்தைச் சேர்ந்த ஸ்டிராய்டு மாத்திரைகளையும் நெடுநாள் உட்கொண்டால் எலும்பு மெலிந்து போகும் என்பது பின்னால் தெரிந்தது. என் சிற்றன்னைக்கு ஊர்க் கடையொன்றில் ‘வாத மாத்திரை’ என்று பொட்டலம் கட்டிக் கொடுத்து வந்தார்கள். ஆறு ஆண்டுகள் அவர் அதை விழுங்கினார். வலி அடங்கும், மாத்திரையை விட்டால் திரும்ப வரும். கடைசியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், அது முடக்குவாதமே அன்று என்றார். நோய் தண்ணீரால் வந்தது. அதன்மேல் மாத்திரையால் வந்த கேடு வேறு.

தண்ணீரால் எலும்பு நோய் வருமா என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு இந்தியாவில் மக்களிடையே முறையாக ஆராய்ந்து விடை கண்ட இடம் நம்மிடமிருந்து வெகு தொலைவில் இல்லை. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் தர்சி, பொதிலி, கனிகிரி என்ற வட்டங்கள் இருந்தன. (1970-இல் பிரகாசம் மாவட்டம் அமைந்தபோது அவை அதில் சேர்ந்தன.) வறண்ட பூமி, கிணற்று நீரை நம்பிய வாழ்க்கை. 1930-களின் நடுவில் இந்தப் பக்கங்களில் முதலில் கவனத்துக்கு வந்தவை மாடுகள். உழவு மாடுகள் நொண்டின, கால்கள் விறைத்தன. அதே விறைப்பு மனிதரிடமும் இருந்தது. முதுகு வளைந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல், திரும்ப வேண்டுமானால் உடல் முழுவதையும் திருப்பும் மனிதர்கள் ஊர் ஊராக இருந்தனர்.

சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்திலிருந்து மூவர் இதை ஆராய்ந்தனர். ஒருவர் ஷார்ட், பிற்காலத்தில் மலேரியாக் கிருமி மனிதனின் ஈரலில் மறைந்து வளர்வதைக் கண்டறிந்து புகழ் பெற்றவர். மற்றொருவர் சி. ஜி. பண்டிட், பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர். மூன்றாமவர் நீர்ப் பரிசோதனையில் வல்லவரான டி. என். எஸ். ராகவாச்சாரி. நோயாளியைத் தொட்டுப் பார்த்தல், எக்ஸ்ரே எடுத்தல், கிணற்று நீரைப் பகுத்துப் பார்த்தல் ஆகிய மூன்றையும் அவர்கள் ஒன்றாகச் சேர்த்தனர். குற்றவாளி புளோரைடு என்று தெரிந்தது. 1937-இல் ‘இந்தியன் மெடிக்கல் கெஜட்’ என்ற இதழில் அவர்கள் கட்டுரை வெளிவந்தது.

இதே ஆண்டில் உலகின் மறுகோடியில், டென்மார்க்கில், காய் ரோஹோம் என்பவர் புளோரின் நஞ்சு பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். கிரீன்லாந்திலிருந்து கொண்டுவந்த கிரையோலைட் என்ற தாதுவைக் கோபன்ஹேகனில் ஓர் ஆலையில் பொடி செய்தார்கள். அங்குள்ள தொழிலாளருக்குத் தூசியால் நுரையீரல் கெட்டிருக்கிறதா என்று 1932-இல் இரு மருத்துவர்கள் எக்ஸ்ரே எடுத்தனர். நுரையீரலைத் தேடியவர்கள் கண்டது விலா எலும்புகளின் விந்தை: அவை சுண்ணாம்புக் கட்டிபோல் வெண்மையாகத் தெரிந்தன. அங்கே தொழிலாளி தூசியிலே உண்டான். இங்கே உழவன் குடத்திலே குடித்தான். இரண்டு வழியாகவும் உள்ளே போனது ஒரே பொருள்தான்.

இனிச் சற்று ரசாயனம் பேசலாம். அதுதானே என் பாடம். எலும்பு வெறும் சுண்ணாம்பு அன்று. கொல்லாஜன் என்ற புரத இழைகளின்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த நுண்ணிய படிகங்கள் படிந்து உண்டாவது அது. இரும்புக் கம்பியும் சிமெண்டும் சேர்ந்த கட்டடம்போல என்று என் தந்தையார் உடனே சொல்லிவிடுவார், அவர் கொத்தனார். அந்தப் படிகத்தில் ஹைட்ராக்சில் அயனி ஒன்று இடம் பெற்றிருக்கிறது. புளோரைடு அயனியும் ஏறக்குறைய அதே பருமன், அதே மின்னூட்டம். ஆகவே புளோரைடு வந்ததும் ஹைட்ராக்சிலை வெளியேற்றிவிட்டு அந்த நாற்காலியில் தான் அமர்ந்து கொள்கிறது. அதனால் படிகம் கரைவது அரிதாகிறது. பல்லுக்குச் சிறிதளவு புளோரைடு நல்லது என்பதன் காரணமும் இதுவே. ஆனால் அளவு மிஞ்சினால், எலும்பை உண்டாக்கும் உயிரணுக்களை அது ஓயாமல் தூண்டிவிடுகிறது. தேவையில்லாத இடத்தில் எல்லாம் எலும்பு முளைக்கிறது. தசைநார்களும் மூட்டுகளைக் கட்டும் பந்தகங்களும் சுண்ணாம்பேறிக் கெட்டியாகின்றன. முதுகெலும்பின் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூங்கில் கழியாக மாறுகின்றன. கெட்டியாயிற்றே, வலிமையும் கூடியிருக்கும் என்று எண்ண வேண்டாம். அடுக்கு ஒழுங்கில்லாத எலும்பு அது, சடக்கென்று முறியும். இன்னும் முற்றினால், தண்டுவடம் செல்லும் குழாயே குறுகி, கால்கள் செயலற்றுப் போகும்.

இந்தப் புளோரைடு எங்கிருந்து வருகிறது? ஆலைக் கழிவு என்று பலர் நினைக்கின்றனர். தென்னாட்டில் பெரும்பாலும் அப்படியன்று. நம் காலடியிலுள்ள கருங்கற் பாறைகளிலேயே அது இருக்கிறது. பாறை இடுக்கில் நீர் நெடுங்காலம் தங்கினால் சிறிது சிறிதாகக் கரைந்து வரும். நீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது புளோரைடைப் பிடித்துக் கீழே படியவைத்துவிடும். கால்சியம் குறைந்து சோடாக் குணம் மிகுந்த நீரில்தான் புளோரைடு தடையின்றி ஏறுகிறது. எனவே குடிப்பதற்கு மென்மையாக, சுவையாக இருக்கும் கிணற்று நீர் நல்ல நீர் என்று நம்பிவிடக் கூடாது. புளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவென்றும், வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்றும் கூறுகிறது. இந்த எண்ணை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. மின்விசிறியின் கீழ் அமர்ந்து எழுதும் குமாஸ்தா நாளைக்கு இரண்டு லிட்டர் குடிப்பார். அவர் உடலில் சேருவது 3 மில்லிகிராம். சித்திரை வெயிலில் சாரத்தின்மேல் நிற்கும் கொத்தனார் ஐந்து லிட்டர் குடிப்பார், அவருக்கு 7.5 மில்லிகிராம். கிணறு ஒன்றே, சட்டமும் ஒன்றே. எலும்புகள் மட்டும் வேறு வேறு கணக்கு வைத்துக்கொள்கின்றன.

என் சொந்த ஊர் தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்துக்கு அருகே இருக்கிறது. கரை படிந்த பல் எங்களுக்கு வெட்கமாகவே தோன்றியதில்லை. எல்லாருக்கும் அப்படித்தானே இருந்தது! தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயலுக்கு வந்தது. அத்திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு என்ற சொற்களும் இருக்கின்றன. நாங்கள் அதற்கு முன்பே பிழைப்புத் தேடி ஸ்ரீ சிட்டிப் பக்கம் வந்துவிட்டோம். சத்தியவேடு, வரதையபாளையம் மண்டலங்களில் 2008-இல் தொடங்கிய அந்தத் தொழில் நகரம் 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்று திருப்பதி மாவட்டம். மாவட்டம் மாறலாம், மாநிலமும் மாறலாம். எலும்பில் ஏறிய புளோரைடு அவ்வளவு விரைவில் இறங்காது. நல்ல நீருக்கு மாறினால் அது சிறுநீர் வழியாக மெல்ல மெல்ல வெளியேறும். ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே இந்த வட்டாரத்து மருத்துவர் ஒருவர், ‘எங்கே இருக்கிறாய்?’ என்று கேட்டால் போதாது. ‘எங்கே பிறந்தாய், எந்தக் கிணற்று நீர் குடித்து வளர்ந்தாய்?’ என்றும் கேட்க வேண்டும். சிற்றன்னையிடம் இதை ஆறு ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை.

நெல்லூருக்குப் பின் ஆராய்ச்சி தெலுங்கானாவின் நல்கொண்டாவுக்கு நகர்ந்தது. சித்திக்கி என்ற மருத்துவர் 1955-இல் அங்குள்ள நோயாளிகளைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அதே நல்கொண்டா பக்கத்தில் இன்னொரு புதிரும் முளைத்தது. நாகார்ஜுன சாகர் அணை 1967-இல் முடிந்தது. பிறகு இளைஞர்களுக்கு முழங்கால்கள் உள்நோக்கி மடங்கி ஒன்றோடொன்று இடிக்கத் தொடங்கின. முன்பு எலும்பு கெட்டியாகும் நோயே காணப்பட்ட இடத்தில் எலும்பு மெலியும் நோய்! குன்னூரில் பிறந்து 1958-இல் ஹைதராபாத்துக்குப் போன ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும் 1973-இல் ‘லான்செட்’ இதழில் இதை விவரித்தனர். அணையால் நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்தது. மண்ணின் தன்மை மாறிச் சோளத்தில் மாலிப்டினம் என்ற உலோகச் சத்து மிகுந்தது. அது உடலிலிருந்து தாமிரத்தை வெளியேற்றியது. தாமிரம் குறையவே எலும்பு தளர்ந்தது. இப்படி அந்த ஆய்வுகள் காரணத் தொடரை அமைத்தன. அணை கட்டியவர்கள் யாரும் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நீரிலிருந்து புளோரைடை நீக்க வழி உண்டா? உண்டு. நாகபுரி சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிலையத்தார் படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து கலக்கி, தெளியவிட்டு இறுக்கும் எளிய முறையொன்றை 1970-களில் வகுத்தனர். நல்கொண்டா முறை என்றே அதற்குப் பெயர். செலவு குறைவு, ஆனால் நாள்தோறும் அளவு பார்த்துச் சேர்க்க ஆள் வேண்டும், அடியில் தங்கும் சேற்றைக் கொட்ட இடம் வேண்டும். ஆற்று நீரைக் குழாயில் கொண்டுவருவதே மேல் என்பது என் கருத்து.

இதுவரை தண்ணீரைப் பற்றிப் பேசினோம். வெயிலுக்கு வருவோம். வெயில் என்றால் திருப்பதிக்குச் சொல்லித் தரவா வேண்டும்! சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர், நம் தோலில் இருக்கும் கொழுப்புப் பொருள் ஒன்றை வைட்டமின் டி-யாக மாற்றுகிறது. ஈரலும் சிறுநீரகமும் அதை முடிவான வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. அது இல்லாவிட்டால் நாம் உண்ணும் கால்சியத்தைக் குடல் சரிவர ஏற்காது. வடதுருவ நாடுகளில் வெயில் இல்லை, ஆகவே வைட்டமின் டி குறையும். நமக்கென்ன கவலை என்றுதான் பாடப் புத்தகங்களும் எழுதி வந்தன.

திருப்பதியில் திருமலை தேவஸ்தானத்தின் ஆதரவில் நடக்கும் ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ விஞ்ஞான நிலையத்தில் சி. வி. ஹரிநாராயண் என்பவரும் அவருடைய துணைவர்களும் இதை நேரே சோதித்துப் பார்த்தனர். நோயாளிகளை அல்ல, நோயில்லாத நகரத்தாரையும் கிராமத்தாரையும் சோதித்தனர். முடிவு 2007-இல் அமெரிக்க ஊட்டச்சத்து இதழ் ஒன்றில் வெளிவந்தது. இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று வைத்துக்கொண்டனர். நகரத்து ஆண்களில் 62 சதவீதம், பெண்களில் 75 சதவீதம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தனர். வயலில் உழைக்கும் கிராமத்தார் தப்பினார்களா? ஆண்களில் 44 சதவீதம், பெண்களில் 70 சதவீதம் குறைபாடு!

கோட்டை எங்கே போடுவது என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை உண்டு. 20 நானோகிராம் இருந்தால் ஏறக்குறைய எல்லாருக்கும் போதும் என்று 2011-இல் அமெரிக்கக் குழு ஒன்று கூறியது. அப்படியானால் அதற்குச் சற்றுக் கீழே உள்ளவர் எல்லாரும் நோயாளிகள் ஆகமாட்டார். எனவே இந்தச் சதவீதங்களைக் கண்டு நடுங்கி மருந்துக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் வெயில் உழைப்பாளியின் எண்ணும் இவ்வளவு தாழ்ந்திருப்பது ஏன் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆய்வாளர் உணவையும் அளந்திருந்தனர். கிராமத்தார் உண்ட கால்சியம் நகரத்தாரைவிடக் குறைவு. தானியங்களிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருளோ மிகுதி. ஃபைட்டேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு குடலில் ஏறவிடாது. கால்சியம் குறைந்தால் உடல் வைட்டமின் டி-யை விரைந்து செலவழிக்கிறது. வெயிலில் சம்பாதித்ததை உணவுக் குறை தின்றுவிடுகிறது. கால்சியப் பஞ்சம் புளோரைடின் கேட்டையும் பெருக்கும், குறிப்பாகக் குழந்தைகளிடம்.

அதே ஆய்வாளர் பாஸ்டன் நகரத்து மைக்கேல் ஹோலிக்குடன் சேர்ந்து மற்றொரு சோதனையும் செய்து 2013-இல் வெளியிட்டனர். அது எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனெனில் அதில் மனிதத் தோலே வேண்டாம். தோலிலுள்ள அந்த மூலப்பொருளைச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் அடைத்துத் திருப்பதி வெயிலில் மணிக்கு மணி வைத்து, எவ்வளவு மாறுகிறது என்று அளந்தார்கள். ஆண்டு முழுவதும் மாற்றம் மிகுதியாக நடப்பது பகல் 11 மணி முதல் 2 மணி வரை என்று தெரிந்தது. காலை இளவெயில்தான் எலும்புக்கு நல்லது என்று சொல்லும் பெரியோர்கள் மன்னிக்க வேண்டும்! வெயிலுக்கு அஞ்சி அதிகாலையில் அலிபிரிப் படியேறும் அடியார்களுக்குப் புண்ணியம் எவ்வளவு கிடைத்தாலும் வைட்டமின் டி கிடைப்பது அரிது.

இனி ஸ்ரீ சிட்டித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் என் தங்கையின் நாளைப் பாருங்கள். காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ். பதினொன்று முதல் இரண்டு வரை குளிரூட்டிய கூடத்தில், தலை முதல் கால் வரை மூடிய உடுப்பில் நிற்கிறாள். மதிய உணவுக்கு அரை மணி. அதுவும் கூரையின் கீழ். அவளோடு அறையில் தங்கியிருக்கும் பெண்கள் திருவள்ளூரிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் வந்தவர்கள். சோறு, ரசம், உருளைக்கிழங்கு. பால் என்பது தேநீரில் தெரியும் நிறம் மட்டுமே. வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் அளவை உயர்த்தியது. ஒரு தம்ளர் பாலில் ஏறக்குறைய 240. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350. கேழ்வரகை முளைகட்டினாலும் கூழாகப் புளிக்க வைத்தாலும் ஃபைட்டேட் குறைகிறது. எங்கள் ஊர்க் களியும் இங்குள்ள ராகி சங்கட்டியும் மாமன் மச்சான் உறவுதான். பட்டணத்துக்கு வந்ததும் இரண்டையும் மறந்துவிட்டோம். எலும்பின் கனம் இருபதுகளின் இறுதிக்குள் ஏறக்குறைய உச்சத்தை அடைந்துவிடும். அப்பெண்களுக்கு வயது பத்தொன்பதும் இருபதும்.

புளோரைடு ஏறிய எலும்பை எப்படி அறிவது? மருத்துவர்கள் முன்கையை எக்ஸ்ரே எடுப்பார்கள். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கும் இடையே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அது சுண்ணாம்பேறி வெண்கோடாகத் தெரிந்தால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்தது. முடக்குவாதத்தில் அந்தக் கோடு வராது. வீட்டிலேயே செய்து பார்க்கக் கூடியவையும் உண்டு: மோவாய் மார்பைத் தொடுகிறதா? முழங்காலை மடக்காமல் கால் விரலைத் தொட முடிகிறதா? இரு கைகளையும் பின்தலையில் கோக்க முடிகிறதா? முடியாவிட்டால் புளோரைடுதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மருத்துவரிடம் போக அது போதிய காரணம், அவ்வளவுதான். போகும்போது பிறந்த ஊரின் பெயரையும் கிணற்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நீரைச் சோதிப்பது இதைவிட எளிது. சிர்க்கோனியமும் அலிசரின் சாயமும் சேர்ந்த செந்நிறக் கரைசலில் புளோரைடு நீரை விட்டால் சிவப்பு மங்கி மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு புளோரைடு. துல்லியமாக வேண்டுமானால் அயனியைத் தேர்ந்து அளக்கும் மின்முனை இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் செல்லும் மன்றத் தோழர்கள் தத்தம் கிணற்று நீரில் அரை லிட்டர் கொண்டு வந்தால் நானும் என் வகுப்பு நண்பர் இருவரும் அளந்து சொல்கிறோம். புட்டியின்மேல் ஊரின் பெயரும், கிணற்றின் ஆழமும், எடுத்த நாளும் எழுதியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் புட்டியாகவே இருக்கட்டும்; புளோரைடு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடும்.